தானாகச் சாப்பிட்டது

ஜூன் 4

விலங்கு மருத்துவமனை உள்நோயாளி வார்டுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். பதினொரு மாதம் வாய் திறக்காதவள் எழுதுகிறாளே என்று தாங்கள் புருவத்தை உயர்த்த வேண்டாம். சண்டையைத் தொடரவும் எழுதவில்லை, முடிக்கவும் எழுதவில்லை. எனக்கு ஒரு காகிதம் வேண்டும். போனில் கேட்டிருக்கலாம், உங்கள் குரலைக் கேட்டால் கேட்க வந்தது மறந்து சண்டைதான் வரும்.

இந்தச் சின்ன கிளினிக்கில் நான் டோக்கன் கொடுக்கிறேன். பூனை கொண்டுவருபவர்களை நாய் கொண்டுவருபவர்களிடமிருந்து தள்ளி உட்கார வைக்கிறேன். எந்த உயிரையும் தொடுவதில்லை. நர்ஸ் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

நேற்று பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் தன் நாயை இரு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார். பட்டறையில் யார் வேலை செய்தாலும் எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்ப்பதால் தெருவே அதை ‘மேஸ்திரி’ என்று கூப்பிடும். பத்து நாள் முன்பு கால் விரலிடுக்கில் இரும்புச் சீவல் குத்தியிருக்கிறது. இப்போது நான்கு காலும் மேஜைக்கால் போல விறைத்துவிட்டன. காது இரண்டும் உச்சந்தலையில் ஒன்றையொன்று தொடுகின்றன. உதடு பின்னால் இழுபட்டு, பார்ப்பவர்களுக்குச் சிரிப்பது போலத் தெரியும். வாய் பூட்டிக்கொண்டுவிட்டது. வாசலில் ஒரு பைக் ஹாரன் அடித்ததும் உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. டெட்டனஸ்.

பட்டறைக்காரர் பாசத்தில் பல்லிடுக்கில் தண்ணீரை ஊற்றப் போனார். “ஊத்தாதீங்க! நுரையீரலுக்குப் போயிடும்!” என்று கத்திவிட்டேன். என் கத்தலில் அதற்கு இன்னொரு வெட்டு. டாக்டர் மெதுவாகத் திரும்பி, “நீங்க யாரும்மா?” என்றார். “டோக்கன்” என்றேன்.

அவர் நம்பவில்லை. “மருந்து நான் போடுறேன். ஆனா இதைப் பிழைக்க வைக்கிறது மருந்து இல்ல, பக்கத்துலயே இருக்கிற கைதான்” என்றார். உங்கள் மருத்துவமனைக்கு ஒன்பது மணி நேரப் பயணம். அந்தக் குலுக்கலும் ஹாரனும் போதும், வழியிலேயே முடிந்துவிடும். இரண்டு நாள் தானே சமாளிப்பதாகவும் அதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் சம்மதிக்கவில்லை. ஆனாலும், நான்கு வருடம் முன்பு நாம் இருவரும் மாறி மாறிப் பார்த்து இதே நோயிலிருந்து எழுப்பி நிறுத்திய கறுப்பு நாயின் பராமரிப்புத் தாள்கள் தங்கள் அலமாரியில் இருக்கும். நகல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணனின் மனைவி


ஜூன் 6

அண்ணியாரே,

‘தாங்கள்’, ‘தங்கள்’, ‘உங்கள்’! ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நர்சிங் படித்து, என் டிபன் பாக்ஸைக் காலி செய்து, போதாக்குறைக்கு என் அண்ணனையும் கட்டிக்கொண்டு போனவள் எழுதுகிற கடிதமா இது? கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துக் கை கழுவிவிட்டுப் பிரித்தேன்.

தாள்கள் இத்துடன் இருக்கின்றன. கூடவே பஞ்சு, கண் களிம்பு, மெத்தென்ற விரிப்பு நான்கு. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இருட்டறை வேண்டும். காதில் பஞ்சு. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வை. இமை மூடாது, கண் காயாமல் பார்த்துக்கொள். சிறுநீர் தானாகப் போகாது, அடிவயிற்றை அமுக்கி எடுக்க வேண்டும். கழுத்து வழியாக டாக்டர் ட்யூப் வைத்தால் தலையைத் தூக்கிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டு. பத்து வேலையையும் பத்துத் தடவை தொட்டுச் செய்யாதே, ஒரே தொடலில் முடித்துவிட்டு விலகிப் போ. இது நீ கண்டுபிடித்த முறை, இன்றைக்கும் வார்டில் உன் பெயரில்தான் சொல்கிறோம்.

எங்கள் தாளை மாற்றிவிட்டேன். ‘உணவு’ என்று இருந்த ஒரு கட்டத்தை இரண்டாக்கியிருக்கிறேன்: ‘நாம் ஊட்டியது’, ‘தானாகச் சாப்பிட்டது.’ பார்த்தால் உனக்குப் பிடிக்கும்.

நடந்தது நடந்துவிட்டது. அந்தக் கை டோக்கன் கிழிப்பதற்கு இல்லை. சம்மதம் சொல்லித் தொலை.

உன் நாத்தனார்


ஜூன் 9

நாத்தனாருக்கு,

சம்மதம் சொல்லிவிட்டேன். உனக்காக இல்லை. முதல் கடிதம் எழுதிய மறுநாள் காலையே கிளினிக் வாசலில் பட்டறைக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்றிருந்தார். ஏன் என்று கேட்டேன். “சத்தம் ஆகாதுன்னு சொன்னீங்களே” என்று உதட்டை மட்டும் அசைத்தார். அதற்கு மேல் என்ன பிகு பண்ணுவது?

மருந்து ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டினோம். டாக்டர் கழுத்தில் ட்யூப் வைத்துவிட்டார். அவருக்கு இருக்கிறது வெண்கலக் குரல். அவர் கிசுகிசுத்தாலே தெருமுனைக்குக் கேட்கும். அதனால் அறைக்குள் சைகைதான். பட்டறைக்காரர் கிரைண்டரை உறை போட்டு மூடிவிட்டு, வெளி வேலையாகத் தேடிப் போகிறார். ஆட்டோக்காரர்கள் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். போன் அறைக்குள் வரக்கூடாது. ஒரு சின்ன விளக்கும் பேனாவும்தான் எனக்குத் துணை. எழுத நேரம் நிறைய இருக்கிறது, எனவே கேட்கிறேன்.

‘நடந்தது நடந்துவிட்டது’ என்று நீ எழுதலாமா?

தையல்காரம்மாவின் பூனையை நான் மறக்கவில்லை. நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும், பெயரும் அதுதான். சாப்பிடாமல் கிடந்து ஈரல் கெட்டு வந்தது. சிரிஞ்சில் கூழாகக் கரைத்து வாயோரம் கொடுத்தேன், கொடுத்ததை விழுங்கியது. எட்டு வேளையும் தாளில் ‘சாப்பிட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வார்டில் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். குழந்தைக்கு ஊட்டிவிட்டு ‘குழந்தை சாப்பிட்டது’ என்றுதானே வீட்டில் சொல்கிறோம்? பெரிய டாக்டர் அந்தச் சொல்லைப் படித்து, தட்டில் வைத்தால் தானே சாப்பிடுகிறது என்று எண்ணி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் அது தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சளாகி வந்தது. ஆறாம் நாள் இல்லை.

“சாப்பிட்டதுன்னு எழுதியிருக்கே” என்று தையல்காரம்மா தாளில் விரலை வைத்துக் கேட்டார்களே, அந்த விரல் எனக்கு இப்போதும் தெரிகிறது. அப்போது நீ என்ன செய்தாய்? அத்தனை பேர் முன்னால், என்றைக்கும் இல்லாத மரியாதையோடு, “அண்ணி, இது உங்க கையெழுத்துதானே?” என்றாய்.

என்னுடையதுதான். ஆனால் வார்டில் என் கை மட்டும்தான் அப்படி எழுதியதா? பதில் சொல்.

இங்கே தாளில் அளவு மட்டும் எழுதுகிறேன். ‘எண்பது மில்லி, ட்யூப் வழியாக, நான் ஊட்டியது.’ அந்த இன்னொரு சொல்லை எழுத என் கைக்கு வரவில்லை.


ஜூன் 13

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். குப்பைக்கூடையைப் பார்த்து வார்டுப் பெண்கள் எனக்குக் காதல் என்று பேசிக்கொள்கிறார்களாம். நாற்பது வயதில்!

ட்யூப்பில் ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் விடு, இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். கழுத்துத் துளையைச் சுற்றித் தினமும் துடை. காய்ச்சல் ஏறினால் பாதத்தை நனை.

நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன்.


ஜூன் 17

‘பிறகு’ என்றால் எப்போது என்று கேட்க எனக்கு நேரமில்லை.

நேற்று உன் அண்ணனுக்கு என் மேல் அக்கறை பொங்கிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, ஸ்டோர் ரூம் கதவு கிறீச்சென்று கத்துவது அவருக்குப் பொறுக்கவில்லை. சத்தம் வராமல் செய்ய எண்ணெய் டப்பாவோடு வந்தார். கீலுக்கு எண்ணெய் விட்டார், கதவு ஊமையானது, பெருமையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார், டப்பாவைக் கீழே போட்டார்.

சிமெண்ட் தரையில் தகர டப்பா. மேஸ்திரி வில்லாக வளைந்துவிட்டது. தலை முதுகைத் தொட்டது. ஒரு வலிப்பு முடிவதற்குள் அடுத்தது. சூடு நூற்றாறுக்கு ஏறியது. டாக்டர் ஊசிக்கு மேல் ஊசி போட்டார். நான் பாதங்களை நனைத்து, விசிறியைத் தள்ளி வைத்து, அதன் கழுத்து மடங்காமல் மடியில் தாங்கிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சூடு இறங்கியபோது எனக்குக் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. உன் அண்ணன் வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார். திட்டக்கூட முடியவில்லை, சத்தம் போடக்கூடாதே.

இன்று காலை டாக்டர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். “பதினாலு நாளாச்சும்மா. வாயும் திறக்கல. வலியில்லாம முடிச்சு விட்டுடலாமா?” என்றார். பட்டறைக்காரர் என் முகத்தையே பார்த்தார்.

நான் என் தாளை நீட்டினேன். அதில் ஒரு கட்டம் நானே போட்டது: ‘குச்சி.’ ஐஸ் சாப்பிடும் தட்டைக் குச்சி இருக்கிறதே, அதை மேஸ்திரி மயக்கத்தில் தளர்ந்திருக்கும்போது இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் மெல்ல வைத்துப் பார்ப்பேன். பன்னிரண்டு நாளும் ‘நுழையவில்லை’ என்று எழுதியிருந்தேன். இன்று, வலிப்புக்கு மறுநாள், ‘ஒரு குச்சி.’

“நேத்து நுழையல டாக்டர். இன்னைக்கு நுழையுது. மூணு நாள் குடுங்க” என்றேன். அவர் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். “நீங்க எழுதியிருந்தா சரி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எழுதியிருந்தால் சரியாம். அந்தச் சொற்களைக் கேட்டு எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வேறு யாரிடம் சொல்வது?


ஜூன் 20

அடியே,

இந்தத் தடவை கிழிக்கப் போவதில்லை.

பூனை போன பிறகு நடந்த விசாரணையில் எடுத்துப் பார்த்தது உன் பக்கத்தை மட்டும்தான். எட்டு வேளை, எட்டுக் கையெழுத்து. அதற்கு முந்தைய பக்கத்தை யாரும் புரட்டவில்லை. புரட்டாதபடி பார்த்துக்கொண்டவள் நான். அதில் ஆறு வேளை இருக்கிறது. ஆறிலும் ‘சாப்பிட்டது.’ ஆறும் என் கை. கடைசியில் ‘நன்றாக’ என்று வேறு சேர்த்திருக்கிறேன். நூல்கண்டு ஒரு வாய்கூடத் தானாகச் சாப்பிடாத நாளில், நன்றாகச் சாப்பிட்டதாம். பெரிய டாக்டர் உன் பக்கத்தை நம்பியதே என் பக்கத்தைப் படித்துவிட்டு வந்ததால்தான்.

அந்த வாரம்தான் பொறுப்பாளர் பதவிக்குப் பெயர் கேட்டிருந்தார்கள். அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. தையல்காரம்மா தாளில் விரல் வைத்தார்கள். முந்தைய பக்கத்துக்கு அந்த விரல் போய்விடக்கூடாதே என்று உன்னை முன்னால் தள்ளிவிட்டேன். மரியாதை அதற்குத்தான் வந்தது. பதவி கிடைத்தது. உன்னைத் துரத்திவிட்டுத்தான் தாளைத் திருத்தினேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தையல் கடைக்குப் போனேன். தையல்காரம்மா மெஷினை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார்கள். முடித்ததும் நிறுத்தினார்கள். “ரெண்டு பேருமா எழுதினீங்க? அப்ப அந்தப் பொண்ணு மட்டும் ஏன் போச்சு?” என்றார்கள்.

பக்கத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. உன் கையில் இருக்கட்டும்.


ஜூன் 24

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை அறைக்குள் உட்கார்ந்து படித்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். உள்ளே அழக்கூடாது, மேஸ்திரிக்குச் சத்தம் ஆகாது. வெளியே போய் வாய்விட்டு அழுதேன். பதினொரு மாதமாக அந்தப் பூனையை நான் ஒருத்தியே கொன்றேன் என்று எண்ணிக்கொண்டு சோறு தின்றேன். நீ பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கடன் கேட்கிற மாதிரி, ‘நடந்தது நடந்துவிட்டது’ என்று எழுதினாய். உன்னை நேரில் பார்த்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஆனால் அழுது முடித்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று இப்போதைக்கு எழுத முடியாது. நடக்காததைத் தாளில் எழுதுவதில்லை என்று இருக்கிறேன்.

மூன்று நாள் கெடு முடிந்து நான்கு நாளாகிறது. டாக்டர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இன்று நான்கு குச்சி! காது இரண்டும் பிரிந்து, ஒன்று மட்டும் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. காலையில் பட்டறைக்காரர் கதவிடுக்கில் முகத்தைக் காட்டினார், வால் நுனி இரண்டு தரம் ஆடியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் விரலில் கூழைத் தடவி மூக்கருகில் வைத்தேன், நக்கியது. டாக்டர் வெண்கலக் குரலை அடக்கி, “சாப்பிட்டுடுச்சு, எழுதுங்க!” என்றார்.

நான் எழுதவில்லை. விரலில் வைத்தது நான். அது ஊட்டியதுதான்.


ஜூன் 28

அடியே,

அவசரமாக எழுதுகிறேன். பெரிய டாக்டர் விசாரணைக் குறிப்பைத் திருத்தி, என் பக்கத்தையும் சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டார். என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார். வேலை இருக்கிறது, பதவி இல்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று காலை ஒரு கிழட்டுப் பூனைக்கு நானே கூண்டைத் துடைத்தபோது, எவ்வளவு நாளாகிவிட்டது என்று தோன்றியது.

நீ திரும்பி வருவதாக இருந்தால் உன் இடம் காத்திருக்கிறது என்று உனக்கு எழுதச் சொன்னார். வராவிட்டாலும் புரியும் என்றார்.

நான்கு குச்சியா? வார்டில் கத்திவிட்டேன். இங்கே கத்தலாம்.


ஜூலை 2

அடியே!

நேற்று காலை கோழியை வேகவைத்து மசித்துத் தட்டில் வைத்தேன். தட்டை அறைக்கு நடுவில் வைத்துவிட்டு, மூன்று அடி பின்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். டாக்டரும் பட்டறைக்காரரும் உன் அண்ணனும் கதவிடுக்கில் ஒருவர் தலைமேல் ஒருவர் தலையாக. உன் அண்ணன் கையில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன்.

மேஸ்திரி எழுந்தது. இரண்டு தரம் சரிந்தது. நான் தொடவில்லை. தொட வேண்டும் என்று கை துடித்தது, தொடவில்லை. மூன்றாம் தரம் நின்றது. புதுச் செருப்பு போட்ட மாதிரி காலை எடுத்து எடுத்து வைத்துத் தட்டு வரைக்கும் போனது. போய்விட்டு உடனே வாய் வைத்ததா? இல்லை. நாங்கள் நால்வரும் ஒழுங்காக வேலை பார்க்கிறோமா என்று ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு குனிந்தது.

பதினொரு நிமிடம் ஆனது. தட்டை நக்கித் தள்ளிக்கொண்டே சுவர் வரைக்கும் போய்விட்டது.

“இப்பவாவது எழுதுங்கம்மா” என்று டாக்டர் கெஞ்சினார். நான் எழுதவில்லை. மத்தியானம் மறுபடி வைத்தேன், சாப்பிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி. அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

பட்டறைக்காரர் வழக்கம்போல உதட்டை மட்டும் அசைத்து, “இப்ப சத்தம் போடலாமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மேஸ்திரி குரைத்தது. கட்டிப்போன தொண்டையில், கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு குரைப்பு. டாக்டர் தன் சொந்தக் குரலில் “அடேயப்பா!” என்று கத்தினார். அதோடு தெரு திறந்துகொண்டது. ஆட்டோக்காரர்கள் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். பட்டறைக்காரர் ஓடிப்போய் கிரைண்டரின் உறையை உருவி, வேலை ஒன்றும் இல்லாமலே ஒரு துண்டு இரும்பில் வைத்து ஓட்டினார். பொறி பறந்தது. மேஸ்திரி வாசலில் உட்கார்ந்து அதை மேற்பார்வை பார்த்தது. உன் அண்ணன் விசிலடித்தார். நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன், கண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இந்த வெற்றி என்னுடையது என்று யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்: இது என்னுடையது.

நான் திரும்பி வரப்போவதில்லை. டாக்டர் ஸ்டோர் ரூம் கதவில் ‘உள்நோயாளி அறை’ என்று பலகை மாட்டிவிட்டார். டோக்கன் மேஜைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இன்றே இரண்டு பூனைகள் சேர்ந்துவிட்டன, ஒன்று சாப்பிடாமல் கிடந்து ஈரல் கெட்டு வந்தது. பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் தாள் தொடங்கிவிட்டேன். உன் லீவைப் போட்டுவிட்டு வா. நாத்தனாராக வந்து காபி கேட்காதே, வேலைக்கு வா. கூண்டு துடைக்க ஆள் தேவை. வரும்போது நீ மாற்றிய அந்தத் தாளில் ஒரு கட்டு கொண்டு வா, இரண்டு கட்டம் போட்டது. அது நல்ல தாள்.

போன கடிதத்தில் மன்னிப்பை எழுத முடியாது என்றேனே, அதுவும் வந்துவிட்டது. நேற்று ஹாரன் சத்தத்துக்கு நடுவில் உன்னைத் தேடினேன், நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. யாரும் ஊட்டவில்லை. தானாக வந்தது.

தாளின் கடைசி வரியை உனக்காகப் பார்த்து எழுதுகிறேன்:

‘ஜூலை 1. மூன்று வேளை. நாம் ஊட்டியது: இல்லை. தானாகச் சாப்பிட்டது.’

கையெழுத்து என்னுடையதுதான்.